லிண்டாவின் கதைக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

2013-இல் வந்த ‘லவ்லேஸ்’ படத்தைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: லிண்டாவைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? பெரும்பாலானோருக்கு, ‘லிண்டா லவ்லேஸ்’ என்ற பெயரில் அவர் நடித்த 1972-ஆம் ஆண்டு நீலப்படமான ‘டீப் த்ரோட்’ என்ற பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கும், அதுவும் வாட்டர்கேட் வழியாக. வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் உட்வர்டுக்கு ரகசியத் தகவல் கொடுத்துவந்த ஆளுக்கு அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் அது. அந்த ஆள் எஃப்.பி.ஐ-யில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்பது 2005-இல்தான் வெளியே வந்தது. ஒரு அதிபரைப் பதவியிலிருந்து இறக்கிய விவகாரத்துக்குள் ஒரு நீலப்படத்தின் பெயர் விளையாட்டாக நுழைய முடிந்தது என்றால், அன்றைய அமெரிக்காவில் அந்தப் படம் எவ்வளவு சகஜமான பேச்சாக இருந்திருக்க வேண்டும்! அதில் நடித்த பெண் அந்தக் காலம் முழுக்க வீட்டுக்குள் அடிவாங்கிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் யார் பேச்சிலும் இல்லை.

அந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது, எந்த வரிசையில் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். ‘அந்த மூலப் படத்தையே பார்த்துவிட்டால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒழுக்கம் பேச வரவில்லை. ‘அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் நான் வன்புணர்வுக்கு ஆளாவதைத்தான் பார்க்கிறார்கள்’ என்று லிண்டாவே திரும்பத் திரும்பச் சொன்னார். 1983-இல் மினியாபொலிஸ் நகர மன்றம் நடத்திய விசாரணையில் சாட்சி சொன்னார், 1986-இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் அமைத்த ஆணையத்தின் முன்னாலும் சாட்சி சொன்னார். அவரை நம்பினால் அந்த 61 நிமிடங்களைப் பார்க்க மனம் வராது. நம்பாவிட்டாலும் பிரயோஜனம் இல்லை, அவர் கதை அதில் கிடையாது.

மீதி இருப்பவை நான்கு. ‘லவ்லேஸ்’ என்ற படம். ‘இன்சைட் டீப் த்ரோட்’ என்ற 2005-ஆம் ஆண்டு ஆவணப்படம். லிண்டா 1980-இல் வெளியிட்ட ‘ஆர்டீல்’ என்ற தன்வரலாறு. நான்காவது, ‘ஸ்டார் 80’ என்ற 1983-ஆம் ஆண்டுப் படம். அது லிண்டாவைப் பற்றியதே இல்லை. ஏன் சேர்த்தேன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எதை எடுத்தாலும் அடிப்படை விவரங்கள் தெரிந்திருப்பது நல்லது. லிண்டா சூசன் போர்மன் 1949 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர், அம்மா கண்டிப்பானவர், படிப்பு கத்தோலிக்கப் பள்ளிகளில். பையன்களை எட்டியே நிறுத்தியதால் ‘மிஸ் ஹோலி ஹோலி’ என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். 16 வயதில் குடும்பம் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தையை அம்மா தத்துக் கொடுக்க வைத்தார். பிறகு ஒரு கார் விபத்து. அதிலிருந்து தேறுவதற்காகப் பெற்றோர் வீட்டில் கிடந்த நாட்களில்தான் சக் ட்ரேனர் அறிமுகமானார். அந்த வீட்டிலிருந்து எப்படியாவது வெளியேற வேண்டும் என்று தவித்த பெண், கார் வைத்திருந்த, இதமாகப் பேசத் தெரிந்த ஆள்.

1971-இல் கல்யாணம். தன் மேல் இருந்த போதைப்பொருள் வழக்கில் மனைவி சாட்சி சொல்ல முடியாது என்பதற்காகத்தான் ட்ரேனர் தன்னைக் கட்டிக்கொண்டார் என்று லிண்டா பிற்பாடு எழுதினார். 1972 ஜனவரியில் மயாமி பக்கம் ஆறே நாளில் ‘டீப் த்ரோட்’ படப்பிடிப்பு முடிந்தது. ஜூனில் நியூயார்க்கில் வெளியீடு. லிண்டாவுக்குச் சம்பளம் 1,250 டாலர், அதுவும் ட்ரேனர் கைக்குப் போனது.

சரி, படத்துக்கு வருவோம்.

‘லவ்லேஸ்’ 93 நிமிடம் ஓடுகிறது. இயக்கிய ராப் எப்ஸ்டைன், ஜெஃப்ரி ஃப்ரீட்மன் இருவரும் ஆவணப்படத்தில் பேர் எடுத்தவர்கள். ஹார்வி மில்க் பற்றிய ஆவணப்படத்துக்காக எப்ஸ்டைன் ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். லிண்டாவாக அமாண்டா சைஃப்ரெட், ட்ரேனராகப் பீட்டர் சார்ஸ்கார்ட், அம்மாவாக ஷாரன் ஸ்டோன். பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்தால் அந்த அம்மா ஷாரன் ஸ்டோன் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

முதல் பாதியைப் பார்த்துவிட்டு ‘இதில் சுரண்டல் எங்கே இருக்கிறது?’ என்று உங்களுக்குத் தோன்றினால், படம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். எழுபதுகளின் பாட்டு, வெயில், விருந்து, சிரிப்பு. கூச்சமுள்ள ஒரு பெண் தற்செயலாக நட்சத்திரம் ஆகிறாள். ட்ரேனர் கொஞ்சம் முரட்டுத்தனமானவர்தான், ஆனால் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பிறகு திரை ஆறு வருடம் தாண்டுகிறது. ஒரு அறை, லிண்டா உடம்பில் கம்பிகள், எதிரே பொய் கண்டறியும் கருவி. அங்கிருந்து படம் பழைய காட்சிகளுக்கே திரும்பிப் போகிறது. இந்த முறை கதவு சாத்திய பிறகும் கேமரா உள்ளே நிற்கிறது.

இந்த அமைப்பைச் சில விமர்சகர்கள் வெறும் உத்தி என்று ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லிண்டாவின் வாழ்க்கையே இரண்டு முறை சொல்லப்பட்டதுதான். ‘டீப் த்ரோட்’ வந்த ஓரிரு வருடத்துக்குள் அவர் பெயரில் ‘இன்சைட் லிண்டா லவ்லேஸ்’ என்று ஒரு புத்தகம் வந்தது. அதில் எல்லாமே கொண்டாட்டம், எல்லாமே அவர் விருப்பம். அது தன் வார்த்தைகளே இல்லை என்று பிற்பாடு சொன்னார். அந்தப் புத்தகத்துக்கு இங்கிலாந்தில் இன்னொரு கதையும் உண்டு. 1976-இல் லண்டனில் அதன் மேல் ஆபாச வழக்கு நடந்து, ஜூரிகள் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி அச்சில் வரும் எழுத்தின் மேல் ஆபாச வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது என்ற நிலைமை அதோடு உருவானது. கருத்துச் சுதந்திரத்தின் வரலாற்றில் இன்றும் குறிப்பிடப்படும் வெற்றி. ஜெயித்தது, அந்தப் பெண் தன்னுடையதே இல்லை என்று சொன்ன ஒரு குரல். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் முதல் பாதி அந்தப் பழைய புத்தகம் போலவும், இரண்டாம் பாதி 1980-இன் புத்தகம் போலவும் தெரியும்.

எனக்கு மறக்காத காட்சி அடிதடிக் காட்சி இல்லை. அடி தாங்காமல் லிண்டா அம்மாவிடம் ஓடி வருகிறாள், கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன் என்கிறாள். அம்மா அவளைக் கணவனிடமே திருப்பி அனுப்புகிறார். கெட்ட அம்மா என்று காட்டவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே புத்திமதி அதுதான் என்பது ஷாரன் ஸ்டோன் முகத்தில் தெரிகிறது. இன்னொன்று, தெருவில் அடிபட்டு நிற்கும்போது வரும் போலீஸ்காரர், அவள் யார் என்று அடையாளம் தெரிந்ததும் ஆட்டோகிராஃப் கேட்கிறார். மொத்தப் படத்தையும் இந்த ஒரு காட்சியில் அடக்கிவிடலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. லிண்டாவுக்கு நடப்பதை எல்லாம் காட்டுகிறார்கள், அவருக்குள் என்ன ஓடியது என்பது பாதிதான் கிடைக்கிறது. ‘டீப் த்ரோட்’ படத்துக்கு முன்னால் அவர் நடித்த ஆபாசக் குறும்படங்கள் பற்றிப் படம் வாயே திறப்பதில்லை. அவற்றில் மிக மோசமான ஒன்றில் துப்பாக்கியைக் காட்டி நடிக்கவைத்தார்கள் என்று லிண்டா எழுதியிருக்கிறார். பார்ப்பவர் தாங்க மாட்டார் என்று விட்டிருக்கலாம், புரிகிறது. 1980-க்குப் பிந்தைய பெண்ணிய மேடைகளை ஏன் விட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமாகச் சாரா ஜெசிகா பார்க்கர் நடித்த காட்சிகளை எடுத்துவிட்டுக் கடைசியில் வெட்டிவிட்டார்கள். விளைவு, படம் அவர் டி.வி-யில் பேசி, பெற்றோரோடு சமாதானமாகும் இடத்தில் இதமாக முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அதற்குப் பிறகு 20 வருடத்துக்கு மேல் இருக்கிறது. பழைய விபத்தில் ஏற்றிய ரத்தத்தால் வந்த கல்லீரல் அழற்சி, அதன் தொடர்ச்சியாக 1987-இல் கல்லீரல் மாற்று அறுவை, 1996-இல் இரண்டாவது கணவருடன் விவாகரத்து, பணக் கஷ்டம், 2002 ஏப்ரலில் டென்வரில் இன்னொரு கார் விபத்து, 53 வயதில் மரணம்.

பார்க்க வேண்டாம் என்று சிலருக்கு நானே சொல்லியிருக்கிறேன். விடுதி அறையில் நடக்கும் கூட்டு வன்புணர்வுக் காட்சியில் அதிகம் காட்டவில்லை, ஆனால் நடப்பது என்னவென்று தெளிவாகத் தெரியும். குடும்ப வன்முறையைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சார்ஸ்கார்டின் அந்தக் கெஞ்சல், கொஞ்சல், சட்டென்று மாறும் குரல் எல்லாம் ரொம்ப நெருக்கமாக இருக்கும். அவர் நன்றாக நடித்திருக்கிறார் என்பதே அங்கே பிரச்சினை.

அடுத்தது ஆவணப்படம். ஃபென்டன் பெய்லி, ராண்டி பார்பாட்டோ இயக்கியது, டென்னிஸ் ஹாப்பரின் குரலில் ஓடுவது. விறுவிறுப்பில் நான்கிலும் இதுதான் முதல். நார்மன் மெய்லர், கோர் விடால், ஜான் வாட்டர்ஸ், ஹியூ ஹெஃப்னர், எரிகா ஜோங் என்று ஆட்கள் வரிசையாக வந்து பேசுகிறார்கள். 1973 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இந்த மோகத்துக்கு ‘போர்னோ ஷிக்’ (நாகரிகமாகிவிட்ட ஆபாசம்) என்று பெயர் சூட்டி எழுதியது, மரியாதைப்பட்ட தம்பதிகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது, பின்னால் இருந்த பெரைனோ குடும்பத்தின் மாஃபியா பணம், அரசு தொடுத்த வழக்குகள் எல்லாம் இதில் கிடைக்கும். அன்றைய அமெரிக்கா எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இதற்கு மாற்று கிடையாது.

லிண்டா? அவர் இதில் ஒரு பகுதி. படம் எடுக்கும்போது அவர் உயிரோடு இல்லை, பழைய பேட்டிகளில் மட்டும் வந்து போகிறார். இறந்தவர் புதிதாகப் பேச முடியாது, அது இயக்குநர்கள் தப்பில்லை. ஆனால் சுற்றி அத்தனை பேர் உற்சாகமாகக் கதை சொல்லும்போது, அவர் சொன்னது ‘ஒரு தரப்பு’ என்று சுருங்கிப்போகிறது. படத்தின் இதயம் உண்மையில் ஹாரி ரீம்ஸிடம் இருக்கிறது. லைட் வேலைக்கு வந்து, ஆள் கிடைக்காததால் கதாநாயகன் ஆனவர். 1976-இல் மெம்ஃபிஸ் நகரில் மத்திய அரசு வழக்கில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு நடிகரை, நடித்ததற்காக! ஜாக் நிக்கல்சன், வாரன் பேட்டி போன்றவர்கள் ஆதரவுக்கு வந்தார்கள், ஆலன் டெர்ஷோவிட்ஸ் வாதாடினார், மறுவருடம் தீர்ப்பு ரத்தானது. அநியாயம்தான், ரீம்ஸ் மேல் எனக்கு இரக்கம் உண்டு. குடிப்பழக்கத்தில் விழுந்து, மீண்டு, யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில் வீடு-மனை தரகராக வாழ்ந்து, 2013 மார்ச்சில் இறந்தார். சன்டான்ஸ் திரைப்பட விழா அப்போது நடந்துவந்த ஊர் அது. ‘லவ்லேஸ்’ அதே ஊர் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அதற்கு இரண்டு மாதம் முன்னால்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். படத்தில் நடித்த ஆணின் சுதந்திரத்துக்காக ஹாலிவுட் திரண்டது. பெண்ணிடம் ‘உனக்கு அதில் சுதந்திரம் இருந்ததா?’ என்று கேட்கக்கூட 1980 வரை ஆள் இல்லை. ஆவணப்படம் முதல் விஷயத்தை நன்றாகச் சொல்கிறது. இரண்டாவதை நீங்களாகத்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 25,000 டாலரில் எடுத்த படம் 60 கோடி டாலர் சம்பாதித்தது என்ற கணக்கை ஆவணப்படமும் சொல்கிறது, எல்லோரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். டிக்கெட் ஐந்து டாலர் என்று வைத்துக்கொண்டால் 12 கோடி டிக்கெட் விற்றிருக்க வேண்டும். அன்று அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 21 கோடி, படமோ பல மாநிலங்களில் தடை செய்யப்பட்டது. கறுப்புப் பணத்தை வெளுக்க மாஃபியா ஊதிக் காட்டிய எண்ணாக இருக்கலாம் என்று திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஆவணப்படம் வந்தபோதே எழுதினார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. 1,250 டாலருக்குப் பக்கத்தில் வைக்க வேறு பெரிய எண் வேண்டியதில்லை, எந்தக் கணக்கிலும் அது அநியாயம்தான்.

மூலப் படத்தை ஒதுக்கச் சொன்னேன் அல்லவா? ஆவணப்படத்தில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டாமல் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு என்.சி-17, அதாவது பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் கிடைத்ததும் அதனால்தான். லிண்டாவின் வார்த்தையை மதித்து மூலத்தைத் தவிர்ப்பவர் இதிலும் அந்த இடத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

புத்தகத்துக்கு வருவோம். ‘ஆர்டீல்’ என்றால் கடும் சோதனை, படாத பாடு. நான்கிலும் நடையில் இதுதான் மட்டம், சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி வாக்கியங்கள், ஒரே மாதிரி கொடுமை, அத்தியாயத்துக்கு அத்தியாயம். முதல் ஐம்பது பக்கத்துக்குப் பிறகு கையிலிருந்து வைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சலிப்பே விஷயம் என்று உறைத்தது. படம் 93 நிமிடத்தில் நமக்கு ஏற்ற இறக்கம் காட்ட வேண்டும், நடுவில் சிரிக்கவும் வைக்க வேண்டும். வாழ்ந்தவருக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. கழிவறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும், போனில் பேசினால் மறுமுனையில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார், ஓடிப்போனால் குடும்பத்தைக் கொன்றுவிடுவேன் என்பார் ட்ரேனர். இது நாள்தோறும் நடந்தது என்பதைப் புத்தகம் ஒன்றுதான் நாள்தோறும் சொல்கிறது.

படப்பிடிப்பின் முதல் நாள் இரவு பற்றி அதில் ஒரு பகுதி வரும். விடுதி அறையில் ட்ரேனர் அடிக்கிறார். பக்கத்து அறையில் படக்குழு. சத்தம் கேட்டிருக்கும், கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை. மறுநாள் கேமரா முன்னால் நின்றபோது உடம்பில் கன்றிப்போன அடையாளங்கள் இருந்தன, அவை படத்திலேயே தெரியும் என்றும் லிண்டா சொன்னார்.

இந்தப் புத்தகம் வந்த கதை தனி. உடன் எழுதிய மைக் மெக்ரேடி, நியூஸ்டே பத்திரிகைக்காரர். அதற்குப் பத்து வருடம் முன்பு, மோசமாக எழுதினாலும் காமம் இருந்தால் விற்கும் என்று நிரூபிக்கச் சக பத்திரிகையாளர்களைச் சேர்த்து வேண்டுமென்றே ஒரு மட்டமான நாவலை எழுதவைத்து, பொய்ப் பெயரில் வெளியிட்டு, அது சக்கைபோடு போட்டதைப் பார்த்துச் சிரித்த மனிதர். போயும் போயும் அவரிடம்தான் இந்தக் கதை வந்து சேர்ந்தது. பதிப்பகங்கள் நம்பவில்லை. வழக்கு வருமோ என்ற பயம் வேறு. கடைசியில் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்கார்ந்த பிறகுதான் லிண்டாவின் புத்தகம் அச்சேறியது. படத்தில் வரும் அந்த அறை கற்பனை இல்லை.

புத்தகம் வந்ததும் லிண்டா ஃபில் டோனஹ்யூவின் டி.வி. உரையாடல் நிகழ்ச்சிக்குப் போனார். அங்கிருந்தவர்கள் கேட்டது பெரும்பாலும் ‘ஏன் ஓடிப்போகவில்லை?’, ‘சின்ன வயதில் உங்கள் வீட்டில் என்ன குறை?’ போன்ற கேள்விகள். குளோரியா ஸ்டைனம் அதே வருடம் ‘மிஸ்’ என்ற பெண்ணிய இதழில் எழுதிய கட்டுரையில் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்: கேள்வி எல்லாம் அடிவாங்கியவரிடம், அடித்தவரிடம் ஒன்றும் இல்லை.

ஓடிப்போவதற்கு வழி எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1972-இல் கணவன் மனைவியை வன்புணர்வு செய்தால் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அது குற்றமாகக் கருதப்படவில்லை. நெப்ராஸ்கா 1976-இல் முதலில் அந்த விலக்கை நீக்கியது, 50 மாநிலங்களும் வந்துசேர 1993 ஆனது. லிண்டா எந்தப் போலீஸ் நிலையத்துக்குப் போய் எந்தப் பிரிவின் கீழ் புகார் கொடுத்திருப்பார்?

அவர் சொன்னதெல்லாம் அப்படியே உண்மையா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், அதற்கும் பதில் உண்டு. அந்தத் துறையில் இருந்தவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்த ‘தி அதர் ஹாலிவுட்’ என்ற 2005-ஆம் ஆண்டுப் புத்தகத்தில், ‘டீப் த்ரோட்’ இயக்குநர் ஜெரார்ட் டமியானோ உட்படப் பலர், ட்ரேனர் மூடிய கதவுக்குப் பின்னால் அடித்தார் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதே மூச்சில் லிண்டா சொன்ன மற்றதை நம்பத் தயங்குகிறார்கள். ட்ரேனரும் அடித்ததை மறுக்கவில்லை, அது இருவரும் சம்மதித்த விளையாட்டு என்றார். துப்பாக்கி இருந்ததா இல்லையா என்று விவாதிக்கலாம். அடி இருந்தது, சம்பளம் அவர் கைக்கு வரவில்லை, இவை விவாதத்துக்கு உரியவை இல்லை. கடைசிக் காலத்தில் லிண்டா பெண்ணிய இயக்கத்தின் மேலும் கசப்பாகப் பேசினார்: தன் பெயரைப் பயன்படுத்திக்கொண்டார்கள், கஷ்டத்தில் யாரும் கை கொடுக்கவில்லை என்று. இந்தப் பகுதி படத்திலும் இல்லை, ‘ஆர்டீல்’ புத்தகத்திலும் இருக்க வாய்ப்பில்லை, அது 1980-லேயே முடிந்துவிடுகிறது. முழு லிண்டா ஒரே இடத்தில் கிடைக்க மாட்டார்.

இப்போது ‘ஸ்டார் 80’. ‘லவ்லேஸ்’ படத்தில் பொய் கண்டறியும் கருவியை இயக்குபவராகச் சில நிமிடம் வரும் எரிக் ராபர்ட்ஸ், முப்பது வருடம் முன்பு இந்தப் படத்தில் பால் ஸ்னைடராக நடித்தவர். ஸ்னைடர், வான்கூவரில் டோரதி ஸ்ட்ராட்டன் என்ற பெண்ணைக் கண்டுபிடித்து, பிளேபாய் இதழுக்குக் கூட்டிப்போய், கல்யாணம் செய்து, அவர் விலகியதும் 1980 ஆகஸ்டில் சுட்டுக் கொன்ற கணவர். டோரதிக்கு 20 வயது. அன்று எல்லாம் செய்த ஆளின் முகத்தை, இன்று ‘நீங்கள் சொல்வது நிஜமா?’ என்று கேட்கும் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். தற்செயலாகத் தெரியவில்லை.

பாப் ஃபாஸி இயக்கிய ‘ஸ்டார் 80’ சினிமாவாக இந்த நான்கிலும் மேலானது. ஆனால் அது ஸ்னைடரின் தலைக்குள் நடக்கிற படம். டோரதியைப் பற்றித் தெரியவந்ததைவிட அந்த ஆளின் பொறாமை, அவமானம், பேராசை பற்றித்தான் அதிகம் தெரியவரும். ட்ரேனர் போன்றவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று கேட்டால் இதைக் கைகாட்டுவேன். டோரதியும் லிண்டாவும் ஒரே துறை இல்லை, டோரதி நடித்தது நீலப்படங்களிலும் இல்லை. ஆனால் ‘உன்னை நான்தான் உருவாக்கினேன்’ என்று சொல்லும் கணவன் இரண்டு கதையிலும் ஒரே ஆள். முதலில் இதைப் பார்க்காதீர்கள். பார்த்த இரவு தூக்கம் வராது, அடுத்த மூன்றையும் தள்ளிப்போட்டுவிடுவீர்கள்.

ஆக, எப்படி முடிவு செய்வது? ஒன்றும் தெரியாதவர், ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் ‘லவ்லேஸ்’. விமர்சகர்களிடம் கலவையான வரவேற்புதான், வசூலும் இல்லை, இருந்தாலும் தொடக்கத்துக்கு அதுதான் சரி. நாலு பேர் சேர்ந்து பார்த்துப் பேசுவதற்கும் அதுவே, பாதியில் நிறுத்தி ‘இதுவரை பார்த்ததை நம்புகிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். காட்சியாகப் பார்த்தால் தாங்காது, எழுத்தென்றால் பரவாயில்லை என்பவர் படத்தை விட்டுவிட்டு நேராகப் புத்தகத்துக்குப் போகலாம். புத்தகத்தில் வேகத்தை நாம் தீர்மானிக்கலாம், மூடி வைக்கலாம். எழுபதுகளின் சட்டம், தணிக்கை, சினிமா வியாபாரம் இவற்றில் ஆர்வம் உள்ளவருக்கு ஆவணப்படம். ஆனால் படமோ புத்தகமோ ஒன்று முடிந்த பிறகு. முதலிலேயே ஆவணப்படத்தைப் பார்த்தவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அந்தக் காலம் ஒரு ஜாலியான காலமாகவே மனதில் பதிந்துவிட்டது, லிண்டா அதில் குறை சொல்ல வந்த ஒருவராக ஆகிவிட்டார். அதைத் திருத்துவது அப்புறம் பெரும்பாடு.

நான் போன வரிசை வேறு: ஆவணப்படம், படம், புத்தகம். தப்பான வரிசை என்று புத்தகம் முடிந்த அன்றுதான் தெரிந்தது.

கடைசியாக ஒரு சின்ன நடைமுறை விஷயம். ஆவணப்படத்தை இணையத்தில் தேடும்போது பெயரை முழுசாக அடியுங்கள். ‘இன்சைட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், நாம் முதலிலேயே ஒதுக்கியது வந்து நிற்கும்.